இன்டர்னல் மார்க் அவர் கையில் இருக்கும்போது: கல்லூரிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் செமஸ்டரில் சீனியர்கள் சொல்லித் தருகிற பாடங்களில் ஒன்று: "அந்த சாரைப் பகைச்சுக்காதே, இன்டர்னல்ல கை வச்சிடுவார்." இன்டர்னல் என்பது பாடம் நடத்துபவரே போடும் அகமதிப்பீட்டு மார்க். பெரும்பாலும் இந்தப் பேச்சு அட்டெண்டன்ஸ், அசைன்மென்ட் பற்றிய எச்சரிக்கைதான். சில சமயம் அதே வாக்கியத்துக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கும். சொல்பவர் உடைத்துச் சொல்ல மாட்டார், கேட்பவரும் துருவிக் கேட்க மாட்டார். "அவர் ரூமுக்குத் தனியா மட்டும் போகாதே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்தக் கட்டுரை அந்த இன்னொன்றைப் பற்றியது. மதிப்பெண்ணைக் காட்டிப் பாலியல் தொல்லை கொடுக்கும் ஆசிரியரிடம் மாட்டிக்கொண்டால் இந்தியாவில் படிக்கும் ஒரு மாணவி, அல்லது மாணவர், என்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம் என்று சொல்கிறேன். இத்தகைய புகார்களை விசாரிக்கும் கல்லூரிக் குழுக்களில் வெளி உறுப்பினராகச் சில ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே நான் பார்த்தவரை, புகார்கள் பொய் என்பதால் தோற்றதில்லை. தேதி தவறியதால் தோற்றன. தொல்லை ஒரு காகிதத்திலும் மார்க் இன்னொரு காகிதத்திலும் இருந்து, இரண்டையும் யாரும் சேர்த்து வைத்துப் பார்க்காததால் தோற்றன.

முதலில், அவருடைய பிடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

பயத்தில் எல்லாமே அவர் கையில் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அப்படி இல்லை. பல்கலைக்கழகத் தேர்வு விடைத்தாள்கள் பொதுவாக டம்மி நம்பர் போட்டு வேறு யாரிடமோ திருத்தப் போகின்றன. அது யாருடைய தாள் என்று திருத்துபவருக்குத் தெரியாது. பிடி இருப்பது இன்டர்னலில். பல கலை அறிவியல் கல்லூரிகளில் அது 100-க்கு 25. சில பாடத்திட்டங்களில் 40 வரை போகிறது. அப்புறம் பிராக்டிகல், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து, புராஜெக்ட், வைவா. உங்கள் பாடத்துக்கான மதிப்பெண் பகிர்வு சிலபஸிலேயே அச்சாகியிருக்கும். அதை எடுத்து, குறிப்பிட்ட அந்த நபர் தனியாகத் தீர்மானிப்பது எத்தனை மதிப்பெண் என்று கணக்குப் போடுங்கள். பயத்துக்கு ஓர் அளவு கிடைத்துவிட்டால் அதோடு மல்லுக்கட்டுவது கொஞ்சம் சுலபம்.

முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே ஆய்வு நெறியாளரான கைடின் கையெழுத்துதான் எல்லாம்: ஆறு மாத அறிக்கை, உதவித்தொகைப் படிவம், சினாப்சிஸ், ஆய்வேடு. நான்கைந்து வருடம் ஒரே மனிதரிடம் மாட்டிக்கொள்கிற அமைப்பு அது. அதனால்தான் ஆய்வாளர்கள் மிகத் தாமதமாகப் பேசுகிறார்கள். நீங்கள் ஆய்வில் சேர்ந்து முதல் வருடம் என்றால், உங்கள் ஆய்வை மேற்பார்வையிடும் டாக்டரல் கமிட்டியில் உள்ள மற்றவர்களோடும் இப்போதே நேரடிப் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தகவலும் கைடு வழியாகவே போகும்படி விட்டுவிடாதீர்கள்.

நடந்தது தொல்லைதானா என்ற குழப்பம்

"கையை வைக்கலியே, வெறும் மெசேஜ்தானே" என்பார்கள். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டமும், பல்கலைக்கழக மானியக் குழு உயர்கல்வி நிறுவனங்களுக்காகக் கொண்டுவந்து 2016 மே மாதம் அரசிதழில் வெளியான 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் விரும்பத்தகாத பேச்சு, சைகை, படம், தொடுதல் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கின்றன. "நீ ஒத்துழைத்தால் நல்லது நடக்கும்", "இல்லாவிட்டால் கெட்டது நடக்கும்" என்று வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ உணர்த்துவதும் அதில் அடங்கும். 'மறைமுகமாக' என்பதுதான் இதில் முக்கியம். யாரும் விலைப்பட்டியல் போட்டுப் பேசுவதில்லை. "மார்க் விஷயமா வெளியே எங்கயாவது உட்கார்ந்து பேசலாம்", "நீ என்னைக் கவனிச்சுக்கிட்டா நான் உன்னைக் கவனிச்சுக்குவேன்", இரவு பதினொன்றரைக்கு "தூங்கிட்டியா?" என்று ஒரு மெசேஜ், அதற்குப் பதில் போடாத மறுநாள் வகுப்பில் ஒரு குத்தல். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சில்லறை. தேதி போட்டு அடுக்கினால்தான் உருவம் தெரியும்.

இன்னொரு குழப்பம் இதைவிட ஆழமானது. "நானும் சிரிச்சேனே, ஸ்மைலி போட்டேனே, குட் நைட் சார்னு சொன்னேனே." உங்கள் இன்டர்னலைப் போடப்போகிறவருக்கு வேறு எப்படிப் பதில் அனுப்புவீர்கள்? அந்த நடத்தையை நீங்கள் விரும்பினீர்களா என்பதுதான் கேள்வி. மரியாதையாகப் பதில் சொன்னது சம்மதம் ஆகாது. முகத்தில் அடித்தாற்போல் மறுத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

தொல்லை கொடுப்பவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; தனக்காகக் கேட்பவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2018-இல் அருப்புக்கோட்டையில் வெளிவந்த ஆடியோ நினைவிருக்கலாம். பல்கலைக்கழக உயரதிகாரிகளுக்கு 'ஒத்துழைத்தால்' மார்க்கும் பணமும் கிடைக்கும் என்று மாணவிகளிடம் போனில் பேசியவர் அவர்களுடைய கல்லூரியிலேயே வேலை பார்த்த ஓர் உதவிப் பேராசிரியை. 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்குப் பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. உடன் குற்றம் சாட்டப்பட்ட மற்ற இருவர் விடுதலையானார்கள்.

பாதிக்கப்பட்டவர் ஆணாகவோ திருநராகவோ இருந்தால்? 2013 சட்டம் பெண்களுக்கானது. ஆனால் மானியக் குழு ஒழுங்குமுறைகள் ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும் பாதிக்கப்படுவதை ஒப்புக்கொண்டு, எல்லோர் புகார் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொல்கின்றன. "பையன் புகாரை எடுக்க மாட்டோம்" என்று கல்லூரி சொன்னால், அந்த ஒழுங்குமுறையின் பெயரைக் குறிப்பிட்டு எழுத்தில் கொடுங்கள்.

இன்றே தொடங்க வேண்டிய வேலை: இரண்டு பட்டியல்

புகார் கொடுக்கப் போகிறீர்களா இல்லையா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். பட்டியலை மட்டும் தொடங்குங்கள்.

முதல் பட்டியல், நடந்தவை. தேதி, நேரம், இடம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள், அப்புறம் யாரிடம் சொன்னீர்கள். "தவறாகப் பேசினார்" என்று எழுதாதீர்கள். அசிங்கமாக இருந்தாலும் அந்த வார்த்தையையே எழுதுங்கள். எழுதி முடித்ததும் உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். அது எழுதப்பட்ட நாளுக்குச் சாட்சியாக நிற்கும். கல்லூரி கொடுத்த மெயில் ஐ.டி. வேண்டாம். அதை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் முடக்கலாம்.

இரண்டாவது பட்டியல், மதிப்பெண்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். திருப்பித் தரப்பட்ட ஒவ்வொரு டெஸ்ட் பேப்பரையும் போட்டோ எடுங்கள். அசைன்மென்ட் கொடுத்த தேதி, ரெக்கார்டில் கையெழுத்தான தேதி, போர்ட்டலில் மார்க் ஏறிய அன்றைய ஸ்கிரீன்ஷாட், அட்டெண்டன்ஸ் சதவீதம் எல்லாம் வேண்டும். நான் பார்த்த ஒரு புகாரில் மாணவியின் வாய்மொழியைவிட அதிகம் பேசியது ஒரு சின்ன அட்டவணை. முதல் டெஸ்ட் 50-க்கு 41, இரண்டாவது 43. அவருடைய அழைப்பை மறுத்த வாரத்துக்குப் பிறகு நடந்த மூன்றாவது டெஸ்டில் 17. மற்ற நான்கு பாடங்களில் எந்த மாற்றமும் இல்லை. குழுவில் இருந்த கணக்குப் பேராசிரியர் அந்தத் தாளைக் கையில் எடுத்தவர் ரொம்ப நேரம் கீழே வைக்கவில்லை.

வாட்ஸாப்பில் மறைந்துபோகும் மெசேஜ் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் நம்பரும் தேதியும் தெரிய வேண்டும். உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். உங்களுக்குச் சங்கடமான உங்கள் பதில்களும் அதில் இருக்கட்டும், வெட்டினால் மொத்தத்தின் மீதும் சந்தேகம் வரும். உங்கள் போனுக்கு வந்த அழைப்பைப் பதிவு செய்திருந்தால் அந்தப் போனை விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். வழக்கு நீதிமன்றம் போனால் மூலப் பதிவு எந்தக் கருவியில் இருக்கிறது என்பது கேள்வியாக வரும். அருப்புக்கோட்டை விவகாரம் வெளியே வந்ததே ஒரு போன் பதிவால்தான். ஆனால் ஆதாரம் திரட்டுவதற்காக அவரைத் தனியாகச் சந்திக்கப் போவது மட்டும் வேண்டவே வேண்டாம். எந்தப் பதிவும் அந்த ஆபத்துக்கு ஈடாகாது.

மூன்று மாதம் என்ற கத்தி

கடைசிச் சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். செமஸ்டர் முடியட்டும், ரிசல்ட் வரட்டும், டி.சி. கைக்கு வரட்டும் என்று காத்திருப்பது மாணவர்களின் இயல்பான தற்காப்பு. அதுவே இந்தக் கெடுவைத் தின்றுவிடுகிறது.

எவ்வளவு கறாராக இதைப் பார்க்கிறார்கள் என்பதற்கு 2025 செப்டம்பரில் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உதாரணம். மேற்கு வங்கத்தில் ஒரு சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியை துணைவேந்தர் மீது புகார் கொடுத்தார். கடைசித் தொல்லை நடந்தது 2023 ஏப்ரலில். புகார் கொடுத்தது அந்த ஆண்டு டிசம்பரில். காலம் கடந்துவிட்டது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இடையில் தன்னைப் பொறுப்பிலிருந்து நீக்கியதும் அந்தத் தொல்லையின் தொடர்ச்சிதான் என்று அவர் வாதிட்டார். அது நிர்வாக முடிவு, பாலியல் துன்புறுத்தலோடு தொடர்புடையது அல்ல என்று சொல்லி அதை ஏற்கவில்லை. இருந்தாலும், அந்தத் தீர்ப்பைத் துணைவேந்தர் தன் சுயவிவரக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. விசித்திரமான முடிவு என்றுதான் எனக்குப் பட்டது. மாணவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: பிறகு மார்க் குறைக்கப்பட்டது தானாகவே 'கடைசிச் சம்பவம்' ஆகிவிடும் என்று நம்பாதீர்கள். தொல்லை நடந்த நாளிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள். மார்க் குறைந்தது மறுத்ததால்தான் என்பதைப் புகாரில் வெளிப்படையாக எழுதுங்கள்.

யாரிடம் கொடுப்பது

உள் புகார்க் குழுவிடம். கல்லூரிகளில் ஐ.சி.சி. என்றால் புரியும். உறுப்பினர் பெயர்களும் தொடர்பு எண்களும் எல்லோர் கண்ணிலும் படும்படி அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். தலைவர் ஒரு மூத்த பெண் ஆசிரியர், மொத்த உறுப்பினரில் பாதிப்பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். மாணவர் சம்பந்தப்பட்ட விஷயமானால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் பிரதிநிதிகள் மூவரும் உண்டு. துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத் தலைவர் (எச்.ஓ.டி.) போன்ற பதவியில் இருப்பவர்கள் இதில் உட்காரக் கூடாது என்று மானியக் குழு சொல்கிறது. உங்கள் கல்லூரிக் குழுவில் எச்.ஓ.டி. இருக்கிறாரா என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாஸ் டீச்சரிடம் வாய்மொழியாகச் சொன்னது புகார் ஆகாது. எச்.ஓ.டி.யிடம் அழுததும் ஆகாது. "நான் கூப்பிட்டுக் கண்டிச்சுடறேன், நீ படிப்பைப் பாரு" என்று சொல்கிற நல்ல மனிதர்கள் உண்டு. அவர்கள் நல்லெண்ணத்திலேயே மூன்று மாதம் ஓடிப்போகும்.

புகார் முதல்வர் மீதோ துணைவேந்தர் மீதோ என்றால், அவருக்குக் கீழே வேலை செய்பவர்களிடம் கொடுத்துப் பயன் குறைவு. நிறுவனத் தலைவர் மீதான புகாரை எடுக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர்க் குழு உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

காவல்துறையில் புகார் தருவது தனிப் பாதை. கல்லூரி விசாரணை நடக்கிறது என்பதற்காக அதைக் காத்திருக்க வைக்க வேண்டியதில்லை. ஆண் ஒருவர் பெண்ணிடம் பாலியல் இணக்கம் கேட்பதே, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். முதலாமாண்டு மாணவர் பலருக்கு இன்னும் 18 முடிந்திருக்காது. அப்படியானால் அது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படியான வழக்கு. விஷயம் தெரிந்த ஆசிரியருக்கும் நிர்வாகத்துக்கும் காவல்துறைக்குச் சொல்வது சட்டக் கடமை.

புகாரை எழுதும்போது, மார்க் போடும் பேனாவை அவர் கையிலிருந்து எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்

ஒன்றரைப் பக்கம் போதும். யார், என்ன பாடம், எந்தத் தேதியில் என்ன நடந்தது, எப்போது மறுத்தீர்கள், அதற்குப் பின் மதிப்பெண்ணில் என்ன ஆனது, சாட்சிகள், இணைப்புகள். "ஆசிரியர் குலத்துக்கே களங்கம்" போன்ற வாக்கியங்களை விட்டுவிடுங்கள்.

கடைசிப் பத்தியில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். "தகுந்த நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்துவிடுகிறார்கள். விசாரணை முடிய மூன்று மாதம் ஆகலாம். அதற்குள் அவரே உங்கள் பிராக்டிகலுக்கு மார்க் போடுவார். விசாரணை நடக்கும்போதே, புகார் கொடுத்தவரின் வேலையையோ தேர்வையோ எதிர்த்தரப்பு மதிப்பிடக் கூடாது என்று குழு பரிந்துரைக்கலாம். மானியக் குழு ஒழுங்குமுறைகளிலேயே அது இருக்கிறது. 2013 சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 8-ஆவது விதியும், கல்வி நிறுவனம் என்றால் அவர் உங்கள் படிப்பு சார்ந்த எதையும் மேற்பார்வையிடாமல் தடுக்க வழி செய்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். இப்படி எழுதலாம்:

"விசாரணை முடியும்வரை மேற்படி ஆசிரியர் என் இன்டர்னல், செய்முறைத் தேர்வு, புராஜெக்ட், வைவா எதையும் மதிப்பிடாமல் இருக்க இடைக்கால உத்தரவு வேண்டுகிறேன். மூன்றாவது டெஸ்ட் விடைத்தாளை வேறொரு ஆசிரியர் மறுமதிப்பீடு செய்ய வேண்டுகிறேன். என் விடைத்தாள்கள், மதிப்பெண் பதிவேடு ஆகியவற்றை அழிக்காமல் குழுவின் பொறுப்பில் எடுத்து வைக்க வேண்டுகிறேன். அவர் என்னையோ என் சாட்சிகளையோ நேரிலும் போனிலும் தொடர்புகொள்ளக் கூடாது என அறிவுறுத்த வேண்டுகிறேன்."

ஆய்வாளர் என்றால் "மாற்று கைடு ஏற்பாடு செய்து, உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்திடும் பொறுப்பை வேறொருவருக்கு மாற்ற வேண்டுகிறேன்" என்று சேருங்கள்.

நகலில் பெற்றுக்கொண்ட கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் அதே புகாரை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள்.

கொடுத்த பிறகு

புகார் வந்த ஏழு நாளுக்குள் எதிர்த்தரப்புக்கு நகல் போகும்; பத்து நாளில் அவர் பதில் தர வேண்டும்; 90 நாளில் விசாரணை முடிய வேண்டும்; பத்து நாளில் அறிக்கை; அது வந்த 30 நாளில் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். முடிவில் திருப்தி இல்லாவிட்டால் மேல்முறையீட்டுக்கும் 30 நாள்தான். காலண்டரில் குறித்து வையுங்கள், அவர்கள் குறித்து வைப்பார்கள் என்று நம்ப வேண்டாம். அறிக்கையின் நகல் உங்களுக்கும் உரியது.

விசாரணை அறைக்குள் வக்கீலை அழைத்துப்போக முடியாது. வெளியே ஆலோசனை கேட்கத் தடையில்லை. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. அவரை நேருக்கு நேர் பார்த்துப் பேச முடியாது என்றால், கேள்விகளை எழுத்து வழியாகவோ தனித்தனி அமர்விலோ கேட்கும்படி முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

சமரசப் பேச்சு எடுப்பார்கள். "அவருக்கும் ஒரு பொண்ணு இருக்கு", "ரிடையர் ஆக ரெண்டு வருஷம்தான்" என்றெல்லாம் வரும். சமரசம் நீங்களாகக் கேட்டால் மட்டுமே நடக்கலாம். பணத்தை அடிப்படையாக வைத்து நடக்கவே கூடாது. நிரூபிக்காவிட்டால் உன் மேலேயே நடவடிக்கை வரும் என்று மிரட்டுவார்கள். வேண்டுமென்றே பொய் சொன்னதாக நிறுவப்பட்டால்தான் அது. போதிய ஆதாரம் இல்லாமல் போனதற்காக யாரையும் தண்டிக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது.

பழிவாங்கல் நேரடியாக வராது. அட்டெண்டன்ஸ் திடீரென்று 74 சதவீதம் ஆகும். வேறு ஆசிரியர் ரெக்கார்டைத் திருப்பி அனுப்புவார். ஒவ்வொன்றையும் தேதியோடு அதே குழுவுக்குத் தனிக் கடிதமாகக் கொடுங்கள். வகுப்பு வாட்ஸாப் குழுவில் விளக்கம் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். புகார் விவரங்களை வெளியிடுவதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது, அவருடைய வக்கீலுக்கும் அது வசதியாகப் போகும். யாரும் காதுகொடுக்காததால் வெளியே பகிரங்கப்படுத்தியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வரிசை மட்டும் முக்கியம்: புகார் முதலில்.

மார்க்கைத் திரும்பப் பெறுவது இன்னொரு வேலை. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் தகவல் உரிமைச் சட்டப்படி உங்கள் விடைத்தாளைக் கேட்கலாம். தேர்வு எழுதியவருக்கு அந்த உரிமை உண்டு என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மானியக் குழுவின் 2023 ஒழுங்குமுறைப்படி மாணவர் குறைதீர்க் குழுவும், அதற்கு மேல் ஆம்பட்ஸ்பர்சன் என்ற குறைதீர்ப்பாளரும் உண்டு. ஆம்பட்ஸ்பர்சன் வெறும் மறுமதிப்பீட்டுக் கோரிக்கையை எடுக்க மாட்டார். குறிப்பிட்ட முறைகேட்டையோ பாகுபாட்டையோ சுட்டிக்காட்ட வேண்டும். உங்கள் இரண்டு பட்டியலும் அங்கே மறுபடி உதவும்.

வீட்டில் சொல்வதா என்பதற்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. சில வீடுகளில் அப்பா அடுத்த பஸ் பிடித்து வந்து நிற்பார். சில வீடுகளில் "போதும், படிப்பை நிறுத்திடு" என்று தண்டனை உங்களுக்கே வரும். உங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். ஆனால் யாரோ ஒருவரிடமாவது சொல்லுங்கள்; அத்தையோ, பழைய பள்ளி டீச்சரோ, அறைத் தோழியோ. மகளிர் உதவி எண் 181. தூக்கம் போய், உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றினால் 14416-ஐ அழையுங்கள். டெலிமானஸ் என்ற அரசுச் சேவை அது; எந்நேரமும் ஆள் இருப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

இதெல்லாம் நடப்பது உங்களுக்கு இல்லை, உங்கள் தோழிக்கு என்றால், "ஏன் அப்பவே சொல்லல" என்று தொடங்காதீர்கள். அவளோடு உட்கார்ந்து தேதிகளை எழுத உதவுங்கள். அவள் முதலில் உங்களிடம் சொன்ன நாளை உங்கள் டைரியிலும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்களும் ஒரு சாட்சி. புகார் கொடுக்கப் போகும் அன்று அந்த அறை வாசல்வரை கூடப் போங்கள். அவள் வெளியே வந்ததும் நகலில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, அங்கேயே நின்று ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.